ஒப்புக்கொண்ட வழக்கு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அரசுத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேர்வானபோது, அப்பா தன்னோடு வாழைத்தார் சுமக்கும் ஆட்களுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. காவல்துறைச் சரிபார்ப்பில் என் பேரில் ஒரு வழக்கும் அபராதமும் தெரியவந்திருக்கிறதாம். குற்றப்பத்திரிகை, தீர்ப்பு இரண்டின் சான்றிட்ட நகலையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் கொடுக்க வேண்டும். வேலை உண்டா இல்லையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

வழக்கு கல்லூரிக் கடைசி வருடத்தில் நடந்தது. சாயங்காலப் பேருந்து எங்கள் ஊரில் நிற்காது. பக்கத்து ஊரில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து வரவேண்டும். ஒரு நாள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பையன்கள் சாலையில் நின்று பேருந்தை மறித்தோம். நடத்துநரோடு வாக்குவாதம் முற்றியது. நானும் கத்தினேன். ஜீப் வந்தது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதாக எங்கள் எல்லோர் பேரிலும் எழுதினார்கள்.

சம்மன் வந்து நீதிமன்றத்துக்குப் போன அன்று வராந்தாவில் அப்பா யார் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: “ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிருமாம்லே. இல்லன்னா வாய்தா வாய்தான்னு இழுப்பாவளாம். ஒத்துக்கிட்டு அபராதத்தக் கெட்டிட்டுப் போயிருவோம்.” வாய்தாவுக்கு வாய்தா அவருக்கு ஒரு நாள் கூலி போகும். மற்றப் பையன்களின் வீட்டிலும் அதே கணக்குத்தான்.

நடுவர் என்னைப் பார்த்து, “படிக்கிற பையனா? யோசிச்சுத்தான் சொல்றியா?” என்று கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். அப்பா தலையை ஆட்டினார். “ஆமாங்கய்யா” என்றேன். அபராதம் கட்டினோம், பரோட்டா சாப்பிட்டோம், ஊருக்கு வந்தோம். வழக்கு அத்தோடு தீர்ந்தது என்றே இருவரும் நினைத்திருந்தோம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகி நிற்கும் என்று மூன்று வருடம் கல்லூரியில் படித்த எனக்கும் தெரியவில்லை.

கடிதத்தில் இருந்ததை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஒரு தாள் வாங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். “கோர்ட்டுக்குத் தனியாப் போகக்கூடாதுலே” என்று அவரும் கிளம்பிவிட்டார். வாழைக்கறை பிடித்த வேட்டி. கோர்ட் இருக்கும் பாளையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நான் ஒரு பத்தடி முன்னால் நடந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. பின்னாலிருந்து சத்தமாக வழி கேட்டுக்கொண்டே வந்தார்.

நகல் மனுவை முந்தின வாரமே கொடுத்திருந்தேன். அன்று நகல் தயாராகிவிட்டது. மூலத்தோடு ஒப்பிட்டு முத்திரை வைப்பதுதான் பாக்கி. ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் நகலில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போவார். எங்களுக்கு முன்னால் ஒரு வக்கீல் குமாஸ்தா நின்றார். பின்னாலும் நாலைந்து பேர். ஜன்னலுக்கு உள்ளே ஓர் அம்மா வாசிக்க ஆரம்பித்தார். என் பெயர், என் அப்பா பெயர், ஊர், பேருந்து, நடத்துநர். பிறகு, “மேற்படி எதிரி, சாட்சியைப் பார்த்து...” என்று நிறுத்தினார். முகத்தைத் திருப்பாமல் தாளைப் பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளி, “இந்த ரெண்டு வரிய நீங்களே பாத்துக்கோங்க சார்” என்றார்.

“ஏம்மா நிறுத்திட்டிய?” என்று கேட்டார் அப்பா.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. கெட்ட வார்த்த.”

“யாரு பேசுன வார்த்த?”

மேசைக்காரர் தலையைத் தூக்கி என்னைக் காட்டினார். “இந்தத் தம்பி பேசுனதாத்தான் போட்டிருக்கு.”

அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல. எங்கள் எல்லோருக்கும் ஒரே இரண்டு வரியைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஆமாங்கய்யா என்று சொன்ன வாய் என்னுடையது. நான் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா, எம்மவன் வாயில அதுல்லாம் வராது” என்றார் அப்பா. “எனக்குத்தான் வாய் மோசம். லாரியில தார் ஏத்தும்போது வந்து கேளுங்க, ஊரே சொல்லும். அந்த அபராதத்தக் கெட்டுனதும் நான்தான். எம்பேருக்கு மாத்திருங்க.”

“எத மாத்த?”

“கேஸத்தான். கரண்டு பில்லு எங்கய்யா பேர்ல இருந்துச்சு, மனு குடுத்தேன், எம்பேருக்கு மாத்தித் தந்தாவல்லா? அது மாதிரி. இந்தா, எம்மவனே மனு எழுதுவான்.”

வக்கீல் குமாஸ்தா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பெரியவரே, நீரு இதத் தொடங்கி வச்சிராதியும்வே. நாளைக்கு எங்க கச்சிக்காரன் பூராப்பேரும் மாமனார் பேருக்கு மாத்தணும்னு வந்து நிப்பான்.”

“எனக்கு ஒரு செக்கு கேஸு கெடக்கு, எம் மச்சினன் பேருக்கு மாத்தணும்” என்றது பின்னால் ஒரு குரல். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குப் படவே இல்லை. நான் அவர் கையைப் பிடித்து, “பேசாம வாங்கப்பா” என்றேன். அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்திருந்தேன்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நகல் எதற்கு என்று மனுவில் நான் எழுதியிருந்ததை அவர் பார்த்திருந்தார். “அண்ணாச்சி, நடுவர் கேக்கும்போது ஒத்துக்கிட்டது ஒங்க மகன்லா? ஒத்துக்கிட்டா தண்டனைதான். அதான் இப்ப வேலைக்கு வில்லங்கமா வந்து நிக்கி” என்றார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. “வேலைக்கா?” என்று என்னைப் பார்த்தார். “நான்லா ஒத்துக்கச் சொன்னேன். ஒனக்குத் தெரியுமாலே?”

“கடுதாசி வந்த பிறகு தெரியும்.”

“அன்னைக்கு?”

“தெரியாதுப்பா.”

“படிச்சவன் ஒனக்கே தெரியலன்னா, எனக்கு எங்கனகூடித் தெரியும்?” என்றார் அப்பா. குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நகலை வாங்கிக்கொண்டு வராந்தாக் கடைசியில் உட்கார்ந்தோம். கடிதத்தில் கேட்டிருந்ததை எல்லாம் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். விளக்கக் கடிதத்தை அங்கேயே எழுதிவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். எதை எழுத வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். “எங்கப்பன் சொல்லித்தான் ஒத்துக்கிட்டேன்னு போடு.”

“அதெல்லாம் வேண்டாம்ப்பா.”

“நெசத்தத்தானலே சொல்லுதேன். போடு.”

எழுதினேன். என் தந்தையின் அறிவுரையின் பேரில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். நான் பேனாவை எடுப்பதற்குள், “படிக்காதவன்னு சேத்துக்க. அப்பதான் எடுபடும்” என்றார். நான் அவரைப் பார்க்காமல், எழுத்தறிவில்லாத என்ற சொல்லைத் தந்தைக்கு முன்னால் சொருகினேன். இடம் போதாததால் அது வரிக்கு மேலே ஏறி நின்றது. “அடிச்சு எழுதுனா நல்லாருக்காது, புதுத் தாள்ல எழுது” என்றார். புதுத் தாளில், நல்ல கையெழுத்தில், முதலிலிருந்து எழுதினேன்.

“வாசி.”

மெதுவாக வாசித்தேன்.

“என்னலே முணுமுணுக்க? சத்தமா வாசி.”

வரிசையில் நின்று சிரித்த அதே ஆட்கள் வராந்தாவில் இருந்தார்கள். சத்தமாக வாசித்தேன். வக்கீல் குமாஸ்தா ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அப்பா, “ஆங். இப்ப நல்லாருக்கு” என்றார்.

பணி ஆணை பிறகு வந்தது. சின்ன வழக்கு என்று விட்டார்களா, அந்தச் சொல்லைப் பார்த்து விட்டார்களா, எனக்குத் தெரியாது. அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. லாரிக்காரர்களிடம், டீக்கடையில், பெண் பார்க்கப் போன வீட்டில் என்று எல்லா இடத்திலும் சொல்லுகிறார்: “நான் படிக்கலன்னு எழுதிப் போட்டான், ஒடனே வேலையத் தூக்கிக் குடுத்துட்டாவ.” கேட்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.