எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த இடம்

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான் நான் கவுன்சிலர் ஆனேன். இல்லையென்றால் என் வீட்டுக்காரர்தான் நின்றிருப்பார். போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவரைத் தெரியாத ஆள் வார்டில் கிடையாது. ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் என்னைப் பார்த்து, "மோட்டார்காரர் சம்சாரமா?" என்றுதான் கேட்டார்கள். ஜெயித்த பிறகும் அப்படித்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெரு விளக்கு எரியவில்லை என்று வருகிறவர்கள் நேராகக் கடைக்குப் போய் அவரிடம் சொல்வார்கள். அவர் எழுதுவார், நான் கையெழுத்துப் போடுவேன். முதல் இரண்டு வருஷம் எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னால் நகராட்சி ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் வார்டுக்கு மிக அவசியமான வேலை ஒன்றை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். 'ஒன்று மட்டும்' என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்ததுமே, "பின்னாடி சந்துக்கு சிமென்ட் ரோடு. எழுதிக்குடு" என்றார். அந்தச் சந்துக்காரர்களுக்கு அவர் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். நியாயமான வேலைதான். மழை பெய்தால் ஸ்கூல் வேன் அந்தச் சந்துக்குள் வராது, அம்மாக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பார்கள். நானும் அதையே எழுதி, தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் என்னோடு பத்தாவது வரை படித்தவள் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் தெரு கிரிவலப் பாதையில் போய்ச் சேரும் முனையில் அவள் செருப்பு ஸ்டாண்டு வைத்திருந்தாள். மலை சுற்ற வருகிறவர்கள் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். முந்தின நாள் அங்கேயே குளிர் ஜுரத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள்.

நான் போனபோது கையில் ஊசி குத்தி, பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுத்துக்கடி. இன்னா சொன்னாங்க?"

"யூரின்ல இன்ஃபெக்‌ஷனாம். கிட்னி வரைக்கும் போயிடுச்சாம். தண்ணி ஜாஸ்தி குடிக்கணும்னு டாக்டரம்மா திட்டறாங்க."

"அப்ப குடியேன். உனுக்கு இன்னா கேடு?"

"குடிச்சா எங்க போறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். காலையில் ஸ்டாண்டுக்கு வந்தால் திரும்ப வீட்டுக்குப் போகும்வரை ஒதுங்க இடமில்லை. அதனால் வரும்போதே டீகூடக் குடிப்பதில்லை. மத்தியானம் ரெண்டு வாய் தண்ணீர், அவ்வளவுதான். இளநீர் விற்கிறவளும் அப்படித்தான், காலையில் பாதையைக் கூட்ட வரும் பெண்களும் அப்படித்தான்.

"அந்தப் பக்கம் ஒரு கழிப்பிடம் இருக்கேடி."

"இருக்கு. போய்ட்டு வர அரை மணி நேரம். அதுவரைக்கும் ஜனங்க செருப்ப நீ வந்து பாத்துக்கிறியா?"

"எங்க வீட்டுக்கு வந்திருக்கலாமே. நாலு எட்டு வெச்சா வீடு."

அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "ஒரு நாள் வரலாம். தெனமும் வர முடியுமா? அதுவும் நீ இப்ப கவுன்சிலரு."

தினமும் அவள் ஸ்டாண்டைத் தாண்டித்தான் ஆட்டோ பிடிக்கப் போவேன். கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இதை யோசித்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றேன். வந்த ஆட்டோவை விட்டுவிட்டு வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து, 'சிமென்ட் ரோடு' என்பதை அடித்துவிட்டு, 'பெண்களுக்கான பொதுக் கழிப்பிடம்' என்று எழுதினேன்.

சாப்பிட வந்தபோது என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா இது?"

"மாத்திட்டேங்க."

"யாரைக் கேட்டு மாத்தின? நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீங்க குடுத்தீங்க. கையெழுத்து என்னுதுங்க."

இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார், நானும் நினைத்திருக்கவில்லை. அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கோபமில்லாமல்தான் கேட்டார். "சரி, கட்டுவ. எங்க கட்டுவ? எவன் வீட்டு வாசல்ல?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இடம் குறிப்பிடாத வேலையைச் சேர்க்க மாட்டார்கள். அடுத்த மூன்று நாளும் மத்தியான வெயிலில் நகராட்சி இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு வார்டு முழுக்க அலைந்தேன். அவர் சின்ன வயசுக்காரர். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்கிற இடத்தையெல்லாம் அளந்தார். பிள்ளையார் கோயில் பின்னால் அளந்தோம். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, "நல்ல காரியம்மா, ஆனா கோயிலாண்ட வேணாம்" என்றார்கள். லாட்ஜ் மதிலை ஒட்டி அளந்தோம். லாட்ஜ்காரர் எங்களை உட்காரவைத்து காபி கொடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம் என்று பக்குவமாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால் பெற்றோர்கள். டிபன் கடைக்குப் பக்கத்தில் போனால் கேட்கவே வேண்டாம். கழிப்பிடமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அவசியம் வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கம் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வாசலுக்கு வருவேன். கருகும் வாசனை வந்ததும் உள்ளே ஓடுவேன். காலேஜ் முடித்து வீட்டிலிருந்த மகள், "இன்னாம்மா, நிக்கறே, போறே, வர்றே" என்று கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்தேன்.

உண்மையில் எனக்கு ஒரு இடம் முதல் நாளே தெரியும். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு காலி மனை. ஊராட்சியாக இருந்த காலத்திலிருந்தே பொது இடம். வருஷக்கணக்காக அதில் என் வீட்டுக்காரர் போர் பைப்புகளை அடுக்கி வைத்திருந்தார், மினி லாரியை நிறுத்தி வைத்திருந்தார். செருப்பு ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். அது கண்ணில் படாமல் இருக்கத்தான் நான் மூன்று நாள் மற்ற தெருக்களில் சுற்றினேன். கோயில் கமிட்டிக்காரர்களையும் லாட்ஜ்காரரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே, அவர்கள் சொன்னதையே நானும் செய்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஜினியரை அங்கே கூட்டிப்போய் நிறுத்தினேன். அவர் பைப்பைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், இது உங்க வீட்டு எதிர்லயே இருக்கு."

"தெரியும் தம்பி. அளங்க."

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பைப்புகளை ஆள் வைத்துக் கடைக்கு ஏற்றினார். எதுவானாலும் மகள் வழியாகத்தான். "அம்மா, அப்பா சட்டை எங்கன்னு கேக்கறாரு." அவர் ரெண்டடி தள்ளித்தான் நின்றிருப்பார். கடைக்கு வந்து சந்துக்காரர்கள் சத்தம் போட்டதையும் நான் மகள் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை பட்ஜெட்டில் சேர்ந்தது. மழைக்காலம் முடிந்து கட்டி முடித்தார்கள். நான்கு அறை, வெள்ளை டைல்ஸ், மேலே தண்ணீர் டேங்க். கான்ட்ராக்டர் வந்து பூட்டுப் போட்டு சாவியை என்னிடம் கொடுத்தார். எப்போது திறப்பது என்று ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். கட்டுவதற்குத்தான் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருந்தார்கள். தண்ணீர் இணைப்பு வேறு கணக்கு, கழுவுகிற ஆள் வேறு கணக்கு. நான் எழுதிக் கொடுத்த தாளில் இரண்டும் இல்லை. ஒரு வேலை என்றதும் நான் கட்டடத்தை எழுதினேன். கட்டினால் போதும், மற்றது தானாக நடக்கும் என்று நினைத்துவிட்டேன்.

சாவி எங்கள் சமையலறை ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு தரமும் மிளகாய் டப்பாவை எடுக்கும்போது கையில் இடிக்கும். என் சினேகிதி உடம்பு தேறி, திரும்ப ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டாள்.

"ஏன்டி, சாவி உங்க வீட்லதான் இருக்குதாமே?"

"தண்ணி வரலடி. ஆள் போடல."

"அதில்ல. வெளியூர் பொம்பளைங்க வந்து பூட்ட இழுத்துப் பாத்துட்டுப் போறாங்க. என்னாண்ட வந்து எப்ப திறப்பாங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

ஆட்டோ வந்ததும் ஏறிவிட்டேன். பௌர்ணமிக்குத்தான் மலை சுற்ற வருகிறவர்கள் அதிகம். கூட்டம் எங்கள் தெரு வழியாகப் போகும்போது ஜன்னலை மூடிக்கொள்வேன்.

அடுத்த பட்ஜெட்டுக்கும் அதே தாள் வந்தது. இந்தத் தடவை நான் அதை நிரப்பவில்லை. மன்றக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வேலையைப் படித்தார்கள். பூங்கா, ரோடு, கால்வாய், கிரிவலப் பாதைக்கு அலங்கார விளக்கு. என் முறை வந்ததும் எழுந்தேன். அதுவரை அந்த மன்றத்தில் நான் எழுதி வைத்ததைப் படித்ததைத் தவிர வேறு பேசியதில்லை.

"எனக்கு இந்த வருஷம் புது வேலை எதுவும் வேணாங்க. போன வருஷம் கட்டினதைத் திறக்கணும். தண்ணியும் ரெண்டு ஆளும் குடுங்க."

யாரோ சிரித்தார்கள். தலைமை இடத்திலிருந்தவர், அது பராமரிப்பில் வருகிறது, தனியாகக் கடிதம் கொடுங்கள் என்றார். மூன்று கடிதம் கொடுத்திருப்பதாகச் சொல்லி நகல்களை எடுத்து வைத்தேன். அப்போது எதிர்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். அவர் எங்கள் கட்சியும் இல்லை, அதுவரை என்னோடு பேசியதும் இல்லை. "எங்க வார்டுலயும் ஒண்ணு பூட்டித்தாங்க கிடக்குது" என்றார். அதன் பிறகு இன்னொருவர் எழுந்தார். இன்னொருவர். சிரிப்பு நின்றுவிட்டது. கட்டியவற்றைத் திறந்து பராமரிக்கத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகும் நான் பல தடவை ஆபீஸ் படி ஏறி இறங்கினேன்.

தண்ணீர் இணைப்பு வந்த அன்று டேங்குக்குத் தண்ணீர் ஏறவில்லை. கான்ட்ராக்டர் மாட்டியிருந்த மோட்டார் அந்த உயரத்துக்குப் போதாது. நான் வாசலில் நின்று தவிப்பதை என் வீட்டுக்காரர் ஈசிசேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் பொறுத்தார். பிறகு எழுந்து, "எவன்டா இந்த மோட்டாரை மாட்டினவன், அறிவிருக்குதா அவனுக்கு" என்று திட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்து போனார். கடையிலிருந்து வேறொன்றை வரவழைத்து மாட்டி, டேங்க் நிரம்பி வழியும்வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்து கையைக் கழுவும்போது, "துண்டக் குடு" என்றார், என்னிடமே.

ரிப்பன், மேடை எதுவுமில்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தோம். மகளிர் குழுவிலிருந்து இரண்டு பெண்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே போன முதல் ஆள் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. வெளியே வந்து என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சந்துக்கு இன்னும் ரோடு வரவில்லை. ஒரு தடவை அங்கே பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "அவங்களுக்குக் கட்டினீங்க, சரிக்கா. எங்களுக்கு இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் இப்போதும் நடையை எட்டிப் போட்டுவிடுவேன். ஒன்றை மட்டும் எழுது என்றால் எழுதாமல் விட்டவர்களுடைய முகமும் கூடவே வருகிறது.

எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டு அம்மா கட்டடம் வந்த நாளிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். பௌர்ணமிக்கு மறுநாள் நாற்றம் வருகிறது என்று ஆபீஸுக்குப் புகார் எழுதியதும் அவர்தான். நாற்றம் வந்ததும் உண்மைதான். அதனால் பௌர்ணமிக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஆள் கேட்டு வாங்கினேன். போன மாசம் அவர்கள் வீட்டில் செப்டிக் டேங்கைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கெட்டோடு எதிரே கழிப்பிடத்திலிருந்து வந்தார். என்னைத் தாண்டிப் போய், ஏதோ நினைத்துக்கொண்டு நின்று திரும்பினார்.

"பரவால்ல. சுத்தமாதான் வெச்சிருக்காளுங்க" என்றார். "மூணாவது கதவுதான் தாப்பா சரியா விழல. அதப் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். தண்ணீர்ச் சொம்பை அப்படியே வைத்துவிட்டு அப்போதே போய்ப் பார்த்தேன்.