பால் விடாத காப்பி

பால் விட்ட காப்பி குடித்தால் என் வயிறு பச்சையாக ஒளிரும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான் இப்படி நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பித்தளை டபராவில் நுரை ததும்பும்போது இன்றும் அந்த நாட்கள் ஞாபகத்துக்கு வரும், கூடவே உயிரியல் மேடமும் வருவார்.

தஞ்சாவூருக்கு வெளியே, பின்சுவரைத் தாண்டினால் வயல் என்று இருக்கும் கல்லூரி எங்களுடையது. மேடம் அதிராம்பட்டினத்துக்காரர், என் வயதுதான். பாக்டீரியாவுக்குள் ஒரு மரபணு சுவிட்ச் கட்டுவது அவர் திட்டம். அது எப்போது எந்தப் பக்கம் புரளும் என்று சமன்பாடு எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. "ரெண்டு பங்காளி, சார். இவன் வாயைத் திறந்தா அவன் வாயைப் பொத்திடுவான், அவன் திறந்தா இவன் வாயைப் பொத்திடுவான். யாராவது ஒருத்தன்தான் பேச முடியும்" என்று முதல் நாளே விளங்க வைத்துவிட்டார். பால் சர்க்கரையைப் போன்ற ஒரு பொருளைக் கொடுத்தால் முதல் பங்காளி ஓய்ந்துவிடுவான். இரண்டாமவன் பேசத் தொடங்குவான். ஊதா விளக்கு அடித்தால் பாக்டீரியா பச்சையாக ஒளிரும். அப்புறம் அந்தப் பொருளை எடுத்துவிட்டாலும் ஒளி போகாது. நாற்பத்திரண்டு டிகிரிச் சூடு காட்டினால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். இந்த பாக்டீரியா மனிதக் குடலில் வாழும் இனம் என்பதையும் போகிற போக்கில் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கணக்குக்காரர் ஆய்வக மேசையைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே விதி. எனக்குக் கை சும்மா இருக்காது. அவர் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு குழாயை எடுத்து, கோலி சோடாவை ஆட்டுவது போல ஆட்டினேன். மூடி இறுகவில்லை போலிருக்கிறது. கையில் கொட்டியது, உதட்டிலும் தெறித்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போலக் கேன்டீனுக்குப் போய்க் காப்பி சொன்னேன். டம்ளர் உதடு வரை வந்தபோதுதான் உறைத்தது. காப்பியில் பால், பாலில் பால் சர்க்கரை, குடலில் அந்தக் குழாய். பாம்பைக் கீழே வைப்பது போல டம்ளரைக் கீழே வைத்தேன்.

அன்று தொடங்கியது கடுங்காப்பி. தயிர், மோர், பாயசம் எல்லாம் போயிற்று. எந்தச் சாமிக்கு நேர்த்திக்கடன் என்று வீட்டில் கேட்டார்கள். நானே எழுதிய சமன்பாடு என்னை மிரட்டியது: எல்லையைத் தாண்டிவிட்டால், பிறகு பாலை நிறுத்தியும் பயனில்லை. நாற்பத்திரண்டு டிகிரியில் சுவிட்ச் அணைந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தக் காய்ச்சலில் நானும் அணைந்துவிடுவேன். இருந்தாலும் ஒரு மதியம் மொட்டைமாடி வெயிலில் நின்று பார்த்தேன். துணி எடுக்க வந்த மனைவி, "வடாம்கூடப் பிழியலை, எதுக்குக் காவல் நிக்கிறீங்க?" என்றாள்.

பிறகு வயிறு எரிய ஆரம்பித்தது. முதலில் லேசாக, அப்புறம் வகுப்பில் பாதியில் நிற்க வைக்கிற அளவுக்கு. வழக்கம்போல ஜோக் அடித்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள். என் இடக்கை மேல்வயிற்றை அழுத்திக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மளிகைக் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை இரவல் வாங்கிவந்து, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வயிற்றில் அடித்தேன்.

பனியன் ஒளிர்ந்தது.

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். காவிரிக் கரையில் என்னை எரிக்கும்போது தீ என்ன நிறத்தில் இருக்கும் என்றுகூட யோசித்தேன். சிரிப்பு வரவில்லை. மகளுக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு மேடம் அறைக்குள் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சிரிக்காததுதான் பயமாக இருந்தது. முகம் இறுக எழுந்து நின்றார்.

"நீல மூடியா, சிவப்பு மூடியா?"

"நீலம்."

திரும்ப உட்கார்ந்தார். "நீல மூடியில இருக்கிறது வெறும் ஊட்டக் கஞ்சி, சார். அதுல இன்னும் பாக்டீரியாவையே விடலை. அப்படியே சிவப்பா இருந்தாலும், எங்க பாக்டீரியா சொகுசா வளர்ந்த பிள்ளை. உங்க வயித்துல தாக்குப்பிடிக்காது."

"அப்ப பனியன்?"

"அது சோப்புத்தூள். அந்த டார்ச்சை அடிச்சா என் துப்பட்டாகூட மின்னும்."

"வலிக்குதே, மேடம்?"

"அதுக்கு டாக்டரைப் பாருங்க. இனிமே என் மேசையைத் தொட்டீங்க, நானே நாற்பத்திரண்டு டிகிரி ஏத்திடுவேன்" என்றார். அப்புறம்தான் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அது முழுக்கச் சிரிப்பால் வந்த நீர்தானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். எழுந்து நின்றபோது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மேடம் இப்போது வேறு ஊரில், வேறு ஆய்வகத்தில் இருக்கிறார். அவருடைய சுவிட்ச் பின்னாளில் வேலை செய்தது, நான் போட்ட வளைகோட்டை ஒட்டியே புரண்டது. என் பயம் மட்டும் புரண்ட பக்கமே நின்றுவிட்டது. தினமும் காலையில் டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது, முதல் வாய் குடிக்கும் முன் சற்று நிழல் பக்கம் திரும்பி நுரையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். வெறும் வயிற்றில் வேளைக்கு வேளை ஊற்றிக்கொண்ட கடுங்காப்பியால் எனக்கு வயிற்றுப்புண் வந்திருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்தே ஆக வேண்டுமென்றால் நிறையப் பால் விட்டுக் குடிக்கச் சொன்னார்.