ரொட்டிக்கடை வேலைக்கு ஃபெலிசிமோ போட்ட பில்

லெமெரி ஊர்ச் சந்தைத் தெருவில் ஆணியும் பலகையும் விற்கிறவள் நான். எந்த வீட்டில் கதவு பெயர்கிறது, எந்த வீட்டில் கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் பாதிரியாருக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஆகையால் தச்சன் ஃபெலிசிமோவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் இந்த ஊரில் இல்லை.

ஆள் நாற்பதைத் தொட்டவன், கல்யாணம் ஆகவில்லை. உளி பிடித்தால் கை பேசும். பில் என்றால் வாய் ஊமையாகிவிடும். பில் எழுதக் காகிதம் தேட மாட்டான். அறுத்துப் போட்ட ஒட்டுப்பலகைத் துண்டை எடுத்து, காதில் செருகிய பென்சிலால் நடுவே ஒரு கோடு கிழிப்பான். இடப்பக்கம் சாமான்: மரம், ஆணி, கீல், வார்னிஷ் எல்லாம் என் கடை ரசீதில் உள்ளபடி, ஒரு காசு கூடாது, குறையாது. வலப்பக்கம் கூலி. அங்கே வந்ததும் பென்சில் நின்றுவிடும். கூலி எவ்வளவு என்று கேட்டால் தன் காலைப் பார்த்துக்கொண்டு, "நீங்களே பாத்துக் குடுங்க" என்பான். எங்கள் ஊர்த் தச்சர்கள் எல்லோரும் மரியாதைக்குச் சொல்வதுதான். மற்றவர்கள் அதைச் சொல்லிவிட்டு ஒரு தொகையையும் மெல்லக் காதில் போடுவார்கள். இவன் நிஜமாகவே சும்மா நிற்பான். கருமிகளுக்கு இவன் கிடைத்தால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

"பலகையில பாதி காலியா இருக்குடா. அந்தப் பாதியிலதான் உன் சோறு இருக்கு. எத்தன நாள், நாளுக்கு எவ்வளவு, எழுதிக் கீழ கூட்டிப் போடு" என்று நான் திட்டாத நாளில்லை.

போன மழைக்காலத்தில் ரொசெண்டாவின் ரொட்டிக்கடை அலமாரிகளைக் கரையான் தின்றுவிட்டது. அவளும் கல்யாணமாகாதவள். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, கடையையும் தகப்பன் அனாக்லெட்டோவையும் ஒண்டியாகச் சுமக்கிறவள். வேலை ஃபெலிசிமோவுக்கு வந்தது. ஒரு மாதம் ஓடிப் போயிற்று, வேலை முடிந்தபாடில்லை.

காரணம் என் கல்லாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. கிலோக் கணக்கில் ஆணி வாங்குகிறவன் தினம் ஒரு கைப்பிடி வாங்கினான். தலையைப் படிய வாரி வகிடெடுத்து வந்தான். மரத்தூளில் உருளப் போகிறவன் ஒருநாள் சென்ட் பூசிக்கொண்டு வந்தபோது, கல்லாவுக்கு அடியில் குனிந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். வேலை நடக்கிற வீட்டில் தச்சனுக்குக் காப்பியும் ரொட்டியும் தருவது முறைதான். ஆனால் ரொசெண்டா தந்தது தேங்காய்ப் பூரணம் வைத்த ரொட்டி என்று கேள்வி.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஃபெலிசிமோ பணிவிடைக்குப் போறான்" என்று சந்தை முழுக்கப் பேச்சு. பெண் கேட்க நினைப்பவன் அவள் வீட்டில் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, கூலி வாங்காமல் உழைப்பது எங்கள் பழைய வழக்கம். இப்போது யாரும் செய்வதில்லை என்றாலும் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். கூலி வாங்காதவன் மாப்பிள்ளை, வாங்கியவன் வேலையாள்.

ஒரு சனிக்கிழமை ஃபெலிசிமோ வேர்த்து விறுவிறுத்து என் கடைக்குள் நுழைந்தான். கையில் பலகைத் துண்டு.

"அக்கா, பெரியவரு பில் கேட்டுட்டாரு. கூலிய எழுதவா, வேணாமா?"

"எழுதினா என்ன?"

"நாளைலேந்து அங்க போக முடியாது."

"எழுதலேன்னா?"

"வாடகைக்குக் காசில்ல. அதுகூடப் போகட்டும். அவளுக்கு என்னப் புடிக்கலேன்னா? ஊரே சிரிக்குமே."

"ஊரு ஏற்கெனவே சிரிச்சு முடிச்சாச்சு. பலகைக்குப் பின்னால ஒளியாத. வாயத் தொறந்து சொல்லு."

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சாமான் ரசீதைக் கொடுக்கிற சாக்கில் நானும் கூடவே கிளம்பினேன்.

அனாக்லெட்டோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை வாசித்தார். சாமான் பக்கம் என் ரசீதோடு ஒத்துப்போனது.

"கூலி எங்கப்பா?"

ஃபெலிசிமோ வாயைத் திறந்தான். இதோ சொல்லிவிடுவான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழக்க தோஷம், காலைப் பார்த்துக்கொண்டு, "நீங்களே பாத்துக் குடுங்க" என்றான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அனாக்லெட்டோ யாருக்கும் கடன் வைக்காத மனிதர். நியாயமான பேச்சு என்று மகிழ்ந்துபோய், மாதம் முழுவதற்கும் நாள்கூலி கணக்கிட்டு, பெசோ நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஃபெலிசிமோ நின்றான். அந்தப் பணம் கையில் விழுந்தால் அவன் வெறும் வேலையாள்.

"நிறுத்துங்கப்பா."

ரொசெண்டா மாவுக் கையோடு வந்தாள். பலகையை வாங்கினாள். அவன் காதிலிருந்த பென்சிலையும் உருவினாள். அந்தக் காது மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"இந்த அலமாரிக்குப் பத்து நாள் போதும். பத்து நாள் கூலியக் குடுங்க, அது அவரு வேர்வை" என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கத்தில் எழுதினாள்.

"மீதி நாளு? தினம் அடிச்சுக்கிட்டுதானே இருந்தான்" என்றார் அனாக்லெட்டோ.

"அடிச்ச ஆணியப் புடுங்கி மறுபடி அடிச்சா அதுக்குக் கூலியா? அடுப்புகிட்டேந்து நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"பாத்தவ அன்னைக்கே ஏண்டி கேக்கல?" என்று கிழவர் சீறினார்.

அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். ஊர் முழுக்க மூக்கை நுழைக்கிற எனக்கு, இவளுக்கும் அவன்மேல் மனசு என்பது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவுமில்லை.

ரொசெண்டா அவன் பக்கம் திரும்பினாள். "மீதி நாளு எதுக்கு வந்தீங்கன்னு இதுல இல்ல. எழுத வராட்டி வாயால சொல்லுங்க."

"உன்னப் பாக்கத்தான் வந்தேன்" என்றான் ஃபெலிசிமோ, காலைப் பார்க்காமல்.

அனாக்லெட்டோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நாள் கூலியைப் பிரித்து அவன் கையில் திணித்தார். மிச்ச நோட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார்.

"மீதி நாளப் பத்திப் பேசணும்னா, உங்க வீட்டுப் பெரியவங்கள அழைச்சிக்கிட்டு வா."

ஃபெலிசிமோவின் முகம் வாடிப்போயிற்று. "எனக்கு யாரும் இல்லீங்களே, ஐயா."

"ஏன், நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கல?" என்று கேட்டுவிட்டு, கிழவரின் நாற்காலிக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.