சமையலறைக்குள் ஒரு ஸ்டோர் கவுண்டர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பழவேற்காட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மா, பின்வாசலில் கூடையை இறக்கினார். மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்ததால் கொஞ்ச நாளாக ஆளைக் காணவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா இது... ஊட்டுக்குள்ளயே சமாதி கட்டி வெச்சிகீறே?"

சமாதியா!

என் கையால் செங்கல் அடுக்கி, மட்டம் பார்த்து, பூசி, மேலே கடப்பா கல் பதித்த சமையல் மேடை அது. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே முதல் மேடை. அதைப் போய்...

"சமாதி இல்லம்மா, மேடை. இதும்மேல ஸ்டவ்வை வெச்சு நின்னுக்கினே சமைக்கலாம்."

"நின்னுக்கினேவா? யாரு?"

"சரோஜாதான். வேற யாரு?"

கன்னியம்மா என் மனைவி சரோஜாவை ஒருமுறை பார்த்தார். மேடையை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் சரோஜாவைப் பார்த்தார். "அது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மீனைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அந்த 'அது சரி' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மேடை கட்டி முடித்தவனுக்கு அன்றைக்கு எதுதான் உறைக்கும்?

சரி, முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

சரோஜாவுக்கு முழங்கால் வலி. எங்கள் அடுப்பு தரையில் இருந்தது. அம்மி தரையில். அரிவாள்மணையும் தரையில்தான். சமையல் என்றாலே உட்கார்ந்து எழுவதுதான். அவள் எழுந்திருப்பதை நான் ஒழுங்காகக் கவனித்ததே சமீபத்தில்தான். முதலில் ஒரு கை அம்மியில் ஊன்றும். அடுத்த கை சுவரைத் தேடும். பிறகு பல்லைக் கடித்தபடி பாதி நின்ற நிலை. அதற்கப்புறம்தான் நிமிர்வாள்.

ஒருநாள் காலை நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். உள்ளேயிருந்து குரல்.

"இன்னாங்க... கொஞ்சம் வாங்களேன்."

போய்ப் பார்த்தால் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். சோறு பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கிறது. அவளால் எழ முடியவில்லை. தூக்கி நிறுத்தினேன். சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

பொன்னேரி டாக்டர் காலை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், அழுத்திப் பார்த்தார். பிறகு அவளிடம் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தரையில உக்காந்து எழறதை இன்னியோட விட்டுடணும். ரொம்ப நேரம் நிக்கவும் வேணாம். இப்படியே ஓட்டினீங்கன்னா அப்புறம் யாராவது பிடிச்சுக்காம இவங்களால நடக்க முடியாது."

திரும்பி வரும் ரயிலில் சரோஜா ஜன்னலோரம் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டே வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து மனசுக்குள் மேடை கட்டிக்கொண்டே வந்தேன். தரையில் உட்காரக் கூடாது... அவ்வளவுதானே? சமையலையே தரையிலிருந்து தூக்கிவிட்டால் போச்சு!

கொத்தனார் ஏழுமலையைப் பிடித்தேன்.

"கும்மிடிப்பூண்டியாண்ட ஃபேக்டரி மேல ஃபேக்டரியா கட்டிக்கினு கீறாங்க சார். அத்த உட்டுட்டு ஒங்க மேடைக்கு எப்படி சார் வர்றது? பொங்கல் கழிச்சிப் பாக்கலாம்."

பொங்கல் கழித்தா? அதுவரைக்கும் அவள் காலுக்கு யார் பொறுப்பு? முடிவு செய்துவிட்டேன் — நானே கட்டுவது.

மழைக் குடையை நானே பிரித்துத் தைத்த கதையை இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியில் படித்தவர்களுக்கு என் குணம் தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் அதது அதனதன் இடத்தில் இல்லையென்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு மேடை கட்ட மாட்டானா?

முதலில் சுவர். எத்தனையோ வருஷத்துச் சவுக்கு விறகுப் புகை அதில் படிந்திருந்தது. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது கரி. வேலை முடிந்து கண்ணாடியில் பார்த்தால் ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர் மாதிரி இருந்தேன். சுண்ணாம்பு ஒரு கை, அதன்மேல் இளம்பச்சை டிஸ்டெம்பர் இரண்டு கை. அலமாரித் தட்டுகளுக்குப் பத்திரிகைத் தாளைப் பூ வேலைப்பாடாக வெட்டி விரித்தது சரோஜா. கிட்டப் போய்ப் பார்த்தால் என் பத்தி! மிளகாய்த்தூள் டப்பாவின் அடியில்.

"வேற தாளே கெடைக்கலையா?"

"இதான் நல்லா கெட்டியா இருந்திச்சி."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது உயரம். இதில்தான் என் அனுபவம் கைகொடுத்தது. எங்கள் ஸ்டோரில் சாமான் கொடுக்க ஒரு கவுண்டர் உண்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் பின்னால் நிற்கிறேன். ஒருநாளாவது முதுகு வலித்ததுண்டா? கிடையாது. ஆகவே டேப் வைத்து அந்தக் கவுண்டரை அளந்தேன். வீட்டுக்கு வந்து அதே உயரத்தில் சுவரில் கரிக்கோடு போட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, கை நீட்டி, கரண்டி பிடித்துக் கிண்டுவது போலச் செய்தும் பார்த்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது.

சரோஜா நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு சரியா கீதா?"

"கச்சிதமா இருக்கு."

"அப்ப சரி" என்று வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டாள்.

சிமென்ட்டுக்குத் தாலுகா ஆபீசில் பர்மிட் வாங்கினேன். ஜி.என்.டி. ரோடில் வந்த லாரியிலிருந்து கடப்பா கல்லை இறக்கினேன். நடுவில் குமிழி ஓடும் மட்டப் பலகையைத் தொழிற்சாலையிலிருந்து இரவல் வாங்கிவந்தேன். கொத்துக் கரண்டியைக் கையில் பிடித்தபோதுதான் ஏழுமலையின் மேல் எனக்கு மரியாதை வந்தது. தாங்குசுவர் எழுப்பிவிட்டு மட்டம் வைத்தால், குமிழி கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இடித்தேன்.

"அதான் நிக்குதே, உட்டுடுங்களேன்" என்றாள் சரோஜா.

"ஒரு பக்கம் சாஞ்சிருக்கு."

"கொழம்புக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே!"

மறுபடி கட்டினேன். ஆனால் இதில் ஒரு வேதனை இருந்தது. உள்ளே வேலை நடந்ததால் அடுப்பு பின்கட்டுக்குப் போய்விட்டது. அங்கேயும் தரைதான். நான் ஒரு வரிசை செங்கல் வைப்பதற்குள் அவள் எத்தனையோ தடவை உட்கார்ந்து எழுந்தாள். பிடித்துக்கொள்ளச் சுவரும் அங்கே தோதாக இல்லை. தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு எழுவாள். அந்தக் குடம் தரையில் உராயும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கரண்டி வேகமாக ஓடும். ஆபீஸ் முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டுவேன், நேரே சாந்துச் சட்டியிடம் போவேன். ரயிலுக்குப் போகும் முன் பூச்சுக்குத் தண்ணீர் தெளிப்பேன். ஈரம் காயாமல் காத்தால்தான் சிமென்ட் இறுகும். அவசரம் ஒரு பக்கம், பொறுமை ஒரு பக்கம். விடுவதில்லை என்று இருந்தேன்.

கடைசியில் தெருக்காரர்கள் கைகொடுக்க, கடப்பா கல் மேலே ஏறியது. அம்மியையும் மேடை ஓரத்தில் ஏற்றிவிட்டேன். இனி அரைக்கக்கூட உட்கார வேண்டாம்! மட்டம் வைத்தேன். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்றுதான் திறப்பு விழா.

கன்னியம்மா பின்வாசலில் மடவை மீனைச் செதில் சீவிக்கொண்டிருக்கிறார். மேடைக்குக் குங்குமம் வைத்தாயிற்று. மேடைமேல் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஸ்டவ் மேல் பால் பாத்திரம். எதிரே சரோஜா.

மேடை அவளுக்கு நெஞ்சுக்கு வந்தது. ஸ்டவ் கழுத்துக்கு வந்தது. பால் பாத்திரம்...

"பால் பொங்கிச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க தெரியுது? சத்தந்தான் கேக்குது."

பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சுப சகுனம் என்று சமாளித்தேன்.

அடுத்தது சோறு. கஞ்சி வடிக்க வேண்டும். தரையில் இருந்தவரை பானையைச் சட்டியின் மேல் சாய்த்தால் முடிந்தது. இப்போது? கொதிக்கும் பானையை முகத்துக்கு நேரே பிடித்துச் சாய்க்க வேண்டும். சரோஜா துணியோடு கையை நீட்டினாள். ஆவி முகத்தில் அடித்தது. கை பின்னால் போனது.

"யம்மாடி!" என்று கன்னியம்மா அங்கிருந்தே கத்தினார். "மூஞ்சி வெந்துடப் போவுதுக்கா! நவுரு!"

கவுண்டரை அளந்தேன், சுவரை அளந்தேன், கல்லை அளந்தேன். யாருக்காகக் கட்டினேனோ, அவளை மட்டும் அளக்கவில்லை.

"ஒரு பலகை செஞ்சு போட்டுடறேன். அதும்மேல ஏறி நின்னுக்கோ."

"இந்தக் காலோட பலகை மேல ஏறி ஏறி எறங்கவா?"

பானையோ கொதித்துக்கொண்டே இருக்கிறது. துணியை அவள் கையிலிருந்து வாங்கினேன். பானையைப் பிடித்தேன். எனக்கு உயரம் கச்சிதமாக இருந்தது. வடித்தேன்.

"நைனா, பாதி சோறு கஞ்சியோட போவுது! மெதுவா சாய்ப்பா!" கன்னியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சமாதியில யாரு படுக்கப் போறாங்கன்னு இப்பத்தான் தெரியுது!"

சரோஜா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மிளகாய் எவ்வளவு, தனியா எவ்வளவு என்று அங்கிருந்தே சொன்னாள். அம்மியும் என் உயரத்தில்தானே இருக்கிறது? நின்றுகொண்டே அரைத்தேன். புளி கரைத்தேன். மீனைக் குழம்பில் விட்டேன்.

"கரண்டி போட்டுக் கிண்டாதீங்க. மீன் ஒடைஞ்சிடும். சட்டியைப் புடிச்சி சுத்துங்க."

சுற்றினேன்.

கன்னியம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போன பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"நான் கோடு போடும்போது நீ இங்கதான இருந்தே? ஒசரம் அதிகம்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள். "ஒங்களுக்கு சரியா கீதான்னு கேட்டேனே? கச்சிதம்னு சொன்னீங்களே?"

"சமைக்கப் போறது நீதானே..."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"தரையில உக்காரக் கூடாதுன்னாரு."

"அப்பாலிக்கா?"

அப்போதுதான் அந்த இரண்டாவது வாக்கியம் எங்கிருந்தோ வந்து என் முன்னால் நின்றது. ரொம்ப நேரம் நிற்கவும் வேண்டாம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்டுத் தலையும் ஆட்டினேன். ஆனால் ரயில் ஏறும்போதே அதைப் பொன்னேரி பிளாட்பாரத்தில் விட்டுவிட்டேன். ஆண்கள் எல்லோருமே இப்படித்தானா? டாக்டர் சொல்வதில் சிமென்ட் போட்டுத் தீர்க்கக்கூடிய பாதி மட்டும்தான் நமக்குக் காதில் விழுமா? மீதிப் பாதிக்கு ஆள் அல்லவா வேண்டும்!

மேடையை இடித்துத் தாழ்வாகக் கட்டலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். சரோஜாவிடமும் கேட்டேன். "நல்லாத்தான கீது. எதுக்கு இடிக்கணும்?" என்றாள். இடிக்கவில்லை. ஏழுமலைக்காகக் காத்திருக்காமல் மேடையையே கட்டியவன், ஒரு குழம்பு கற்றுக்கொள்ள மாட்டேனா?

இந்த வாரம் காலையில் சோறு, குழம்பு இரண்டும் என் வேலை. அதற்காக ரயில் தவறவில்லை. அலாரத்தைத்தான் முன்னால் திருப்பி வைத்துவிட்டேன். சரோஜா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், காய் நறுக்குகிறாள், என்னை அதட்டுகிறாள். நேற்று நான் சோறு வடித்துவிட்டுத் திரும்பியபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஒரே மூச்சில் நிமிர்ந்துவிட்டாள். கை அம்மியைத் தேடவில்லை. சுவரைத் தேடவில்லை. அவளுக்கே அது தெரியாது. கீரைத் தண்டை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் கரண்டியோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

குழம்பில் உப்புதான் இன்னும் ஒருநாள் தூக்கல், ஒருநாள் குறைச்சல்... அதற்கு ஒரு மட்டப் பலகை எங்காவது கிடைத்தால் வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள்!