கண்டக்டரம்மாவும் கல் இடுக்குக் கோரையும்

"முட்டியெல்லாம் ஒண்ணும் வலிக்கல. நல்லாத்தான் இருக்கு."

கண்டக்டரம்மா இப்படிச் சொன்னபோது வாசலில் யாரும் அவளுடைய முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மகன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் பேப்பரில் மூழ்கியிருந்தார். ஆனால் இரண்டு பேரும் மனதுக்குள் கேட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே பதிலைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றும் அந்தப் பேர் போகவில்லை, தெருவுக்கே அவள் கண்டக்டரம்மாதான். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்றே காலம் தள்ளியதில் முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளே தரையில் உட்கார வழி பார்த்தாள்.

காரணம், வீட்டு முன்னால் இருக்கிற வண்டிப்பாதை. கேட்டிலிருந்து கார் கொட்டகை வரைக்கும் கல் பதித்த தரை, கேட்டைப் பார்த்து லேசான சரிவு. கார் வாங்கும் ஆசையில் போட்ட கொட்டகை, இன்றுவரை பைக்தான் நிற்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரல்கூட நுழையாது. புல் மட்டும் எப்படியோ நுழைந்துவிடும். கோரை, புளியாரை, பேர் தெரியாத இன்னும் நாலைந்து. மழைக்காலத்தில் பாசியும் சேர்ந்துகொண்டால் தரை சோப்பு தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

அப்படி ஒரு மழைநாள் காலையில்தான் மருமகள், பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் போனவள், வழுக்கிவிட்டாள். கேட்டுக் கம்பி கைக்கு அகப்பட்டதால் தப்பித்தாள். அம்மா ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் என்று நினைத்துப் பாப்பா சிரித்தது. பார்த்துக்கொண்டு நின்ற மகனுக்குத்தான் முகத்தில் ரத்தமே இல்லை. அன்று சாயங்காலமே புல்லுக்கு மருந்து அடிப்பவரின் நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கி வந்துவிட்டான்.

கண்டக்டரம்மாவுக்கு அதுதான் ஆகவில்லை. பாப்பா குப்புற விழ ஆரம்பித்தாயிற்று. வயிற்றாலேயே நகர்ந்து பாயின் ஓரத்துக்கு வந்து, தலையைத் தூக்கி உலகத்தையே மிரட்டுகிறது. எச்சில் ஒழுக ஒழுக ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் வேலை பார்க்க எந்தப் பாட்டியாலும் முடியாது. இன்னும் கொஞ்ச நாளில் தவழும், வாசலைத் தாண்டும். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயசு. அந்தத் தரையிலா விஷத்தை அடிப்பது?

காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்றான் மகன். பாப்பாவின் வாய் எப்போதாவது காய்ந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள் இவள். பேச்சு வளர்ந்து, கடைசியில் அவளுக்கு அடுத்த மழை வரைக்கும் தவணை கிடைத்தது. அதற்குள் அவள் தரையைச் சுத்தம் பண்ணிக்கொள்ளலாம். மழைக்குப் பிறகும் புல் தலைகாட்டினால் மருந்துதான், அப்புறம் பேச்சே கிடையாது.

வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். வாயைத் திறந்து கட்சி சேர்ந்தால் வம்பு என்று கையால் சேர்ந்தார். ஒரு குட்டி ஸ்டூலின் காலில் சக்கரம் வைத்துக் கொடுத்தார், காலை நீட்டி உட்கார்ந்தபடியே நகர்ந்துகொள்ளலாம். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு உடைந்தது ஒன்றின் நுனியைக் காய்ச்சிக் கொக்கி மாதிரி வளைத்து, பிடிக்கிற இடத்தில் துணி சுற்றினார். கண்டக்டரம்மா கொட்டகைப் பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்ததுதான் தாமதம், அது சரிவில் கிளம்பிவிட்டது.

"ஏங்க, இதுல பிரேக் எங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"அடுத்த ஸ்டாப்புல நிக்கும்," என்றார் அவர்.

கேட்டில் இடித்து நின்றது. அதற்கப்புறம் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டாள்.

சீட்டு சீட்டாக டிக்கெட் பார்த்த பழக்கம், கல் கல்லாக வந்தாள். கோரையை இழுத்தால் தழை மட்டும் கையோடு வரும். அடியில் சின்னக் கிழங்கு ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். அதை விட்டால் மறுபடியும் முளைக்கும். கொக்கியை உள்ளே விட்டு, குடைந்து, கிழங்கு வெளியே வரும்வரை விடமாட்டாள். "இறங்கு, இறங்கு. சீட்டுக்கு அடியில ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா?" என்று அதனோடு பேச்சு வேறு. எதிர்வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, செக்கிங் நடக்கிறதா என்று கேட்டார். டிக்கெட் இல்லாமல் உங்கள் வீட்டுப் பக்கம் ஏறியதுதான் நிறைய என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். அவர் மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

புல் போனதும் இடுக்கெல்லாம் காலியாகி, கல் ஆட ஆரம்பித்தது. எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். மணல் வாங்க யார் அலைவது? பக்கத்திலேயே ரோஜாப் பாத்தி இருந்தது. அதன் மண்ணை வாரிச் சல்லடையில் சலித்து, துடைப்பத்தால் இடுக்கில் தள்ளி அடைத்தாள். கறுப்புக் கோடு போட்டு, தரை கட்டம் போட்ட சட்டை மாதிரி அழகாக இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

மழை வந்தது. எரு போட்டு வளர்த்த மண், அதற்குள் எத்தனை விதை தூங்கிக்கொண்டிருந்ததோ, அவ்வளவும் எழுந்துவிட்டது. இடுக்கு இடுக்காக, நாற்று விட்ட மாதிரி, வரிசை தப்பாமல் பச்சை. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், "நல்ல மண்ணுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மகன் சிரிக்கவில்லை. போனை எடுத்தான்.

மறுநாள் காலையில் மருந்து அடிப்பவர் முதுகில் டேங்கோடு வந்தபோது, கேட்டுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டுக் கண்டக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். செங்கல் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அவர் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றாள்.

மகன் வந்தான். "அம்மா, பேசினது பேசினதுதானே? மழை வந்துச்சா, புல்லு வந்துச்சா?"

"வந்துச்சு. எரு மண்ணைக் கொட்டினவ நான். திட்டறதுன்னா என்னைத் திட்டு. விஷம் உள்ள வராது."

"அன்னிக்கு அவ விழுந்திருந்தா? பாப்பாவோட விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

கண்ணை மூடினால் அந்த மழைநாள் காலைதான் அவளுக்கும் வந்து நிற்கிறது. அவன் பயம் பொய் இல்லை என்று தெரியும். ஆனாலும் செங்கல்லை எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து மருமகள் பாப்பாவோடு வந்தாள். அடி பார்த்து அடி வைத்து நடந்து, மாமியாருக்குப் பக்கத்தில் வெறும் கல்லிலேயே உட்கார்ந்தாள். பாப்பாவை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டாள்.

"வழுக்கினது நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் புருஷனிடம். "அத்தைக்கு இன்னொரு தடவை குடுங்க. இந்தத் தடவை நானும் உக்கார்றேன். இல்ல, இன்னிக்கே அடிச்சாகணும்னா எங்க மூணு பேரையும் தூக்கி ஓரமா வெச்சுட்டு அடிங்க."

மகன் என்ன சொல்லியிருப்பானோ தெரியாது. அதற்குள் பாப்பா மடியிலிருந்து எட்டி, இடுக்கில் நின்ற புளியாரையை ஒரே பிடியாகப் பிடித்துப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனது. இரண்டு பெண்களின் கையும் ஒரே நேரத்தில் போய் அந்தக் குட்டி முஷ்டியைப் பிடித்தன. முஷ்டியை விரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விரலுக்கு விரல் சண்டை போட்டது. கடைசி இலையையும் பிடுங்கியபோது பாப்பா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை, குரல் தன்னுடையது என்று.

மகன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மருந்து அடிப்பவர் டேங்கின் வாரைச் சரிசெய்துகொண்டார். வீட்டில் எல்லாருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தபிறகு கூப்பிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆரம்பத்திலிருந்து வேலை. மருமகள் குனிந்து பிடுங்குவாள், கண்டக்டரம்மா ஸ்டூலில் பின்னாலேயே வந்து, கொக்கியால் அந்த எரு மண்ணை அடிவரைக்கும் சுரண்டி எடுப்பாள். பாப்பாவின் பால் பாட்டிலைக் கொதிக்க வைத்த தண்ணீரை அவர்கள் வீணாக்குவதில்லை. பாப்பாவைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு, அதைக் கெட்டிலில் மறுபடியும் காய்ச்சி எடுத்துவந்து, கொதிக்கக் கொதிக்க இடுக்கில் ஊற்றினார்கள். குடைந்தும் அகப்படாமல் ஆழத்தில் தங்கிய வேர் அதில் வெந்து சுருண்டது. பாட்டிலுக்கு ஒரு கொதி, புல்லுக்கு ஒரு கொதி என்று மருமகள் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் மகன் வேலைவிட்டு வரும்போது பைக்கின் பின்னால் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தான். மறுநாளும் ஒன்று. மண் கலக்காத வெறும் மணல், அதில் முளைக்க ஒன்றும் இல்லை. மொட்டைமாடியில் பரப்பி நன்றாகக் காயவைத்தார்கள். ஈரமாகப் போட்டால் மேலோடு நின்றுவிடும், காய்ந்த மணல்தான் சரசரவென்று அடிவரைக்கும் இறங்கும். துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளி, வீட்டுக்காரர் ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்ட, இறங்கின இடத்தில் மறுபடியும் மணல். இனிமேல் இறங்காது என்கிறவரை போட்டார்கள். கல் ஆட்டம் நின்றது. பாசியை மருமகள் கெட்டிப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள்.

மணலை அடைத்தால் வேலை முடிந்துவிட்டதா என்ன? காற்றில் வந்து விழுகிற விதை, தூசியில்தான் குடியேறுகிறது. அதனால் தினமும் காலையில் பெருக்க வேண்டும். அதைக் கண்டக்டரம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நின்றுகொண்டே பெருக்கலாம், டாக்டருக்கும் கோபம் வராது.

மழை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. தரை கட்டம் கட்டமாக அப்படியே கிடந்தது. பாப்பா தவழ ஆரம்பித்து, வாசற்படியில் கையை ஊன்றி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்தாயிற்று.

இன்று காலை கண்டக்டரம்மா பெருக்கி முடித்து, படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகன் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகே போனவன் நின்றுவிட்டான். கேட்டுத் தூணுக்கு அடியில், துடைப்பம் எட்டாத மூலையில், ஊசி மாதிரி ஒரே ஒரு கோரை. மறுபடியும் வந்துவிட்டதே, இப்போது என்ன பண்ணப் போகிறாய் என்று அம்மாவைக் கேட்டான்.

கண்டக்டரம்மா இருந்த இடத்திலிருந்தே இரண்டு கையையும் நீட்டினாள்.

"பாப்பாவை இங்க குடு. நீ குந்தி உக்காந்து புடுங்கு. கிழங்கோட வரணும்."