எருமைக்கு ஊற்றிய ஆயில்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எருமை என்பார்கள். கறுப்பு நிறம், தாழ்ந்த முதுகு, அகன்று விரிந்த கைப்பிடி. இரண்டு விரலை விரித்துக் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்கள். பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டுக்காரர் யாரிடமோ பழசாக வாங்கி மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து மிளகுத் தோட்டத்து அண்ணன் இன்றைக்கும் வேலியோரம் நின்று கேட்பார்: "ஏனுங்கம்மா, எருமை இன்னைக்குக் கறக்குதா, ஒதைக்குதா?"

ஓட்டுவது அவர். பார்த்துக்கொள்வது நான். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்து மெக்கானிக் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அக்கா, இதுல எந்தப் பக்கம் தலை எந்தப் பக்கம் வாலுன்னே தெரியலீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் ஸ்பேனரை எடுத்தேன். வீட்டுக்குப் பக்கத்துப் பாறை மேல் ஏறினால் போனில் வீடியோ ஓடும் அளவுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று வீடியோ பார்ப்பேன், இறங்கி வந்து ஒரு போல்ட்டைக் கழற்றுவேன், சந்தேகம் வந்தால் மறுபடி பாறை. அப்படித்தான் படித்தேன். மலை ஏறும்போது முன் சிலிண்டருக்குக் காற்று கிடைக்கும், பின் சிலிண்டர் வெந்து சாகும். பிளக்கைக் கழற்றினால் முன்னது டீ நிறத்திலும் பின்னது சாம்பல் நிறத்திலும் வரும். அதைப் பார்த்தே வண்டிக்கு உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் முன்சக்கரத்தின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதைப் பார்த்தேன். கைப்பிடியில் பிரேக் ஆயிலுக்கு ஒரு சின்ன டப்பி உண்டு. அதன் கண்ணாடியில் ஆயிலும் இறங்கித் தெரிந்தது. புது பேட்டுக்குச் சொல்லிவிட்டு அவரிடமும் சொன்னேன்: "பிரேக்குல ஆயில் கொறைஞ்சிருக்குதுங்க. பேட்டு வந்ததும் மாட்டிட்டு ஊத்தோணும்." அவர் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினார்.

பேட் சேந்தமங்கலத்துக்கு வந்துவிட்டது என்று போன் வந்தது. பஸ்ஸில் போய் வாங்கி வாருங்கள் என்றேன். எருமையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் ஊர் சிரிக்கும் என்றார். காலையில் கிளம்பும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மிணி, ஆயில் நேத்தே ஊத்திட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

எனக்குச் சந்தோஷம்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாத மனுசன், எனக்கு வேலை மிச்சம் பண்ணிக் கொடுத்திருக்கிறார். வண்டி தொப்தொப்பென்று சோளக்காடு என்கிற ஊர்ப் பக்கம் போனது. எங்கள் வீடு மலையின் விளிம்பில் இருக்கிறது. எருமை கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும் சத்தம் மேலே கேட்கும். வழியில் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போனால் சத்தம் மறையும், அடுத்த வளைவில் திரும்ப வரும்.

மிச்ச பிரேக் ஆயிலை மூடி வைக்கலாமென்று அலமாரியைத் திறந்தேன். சின்ன பாட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் சீல் உடையவே இல்லை.

அப்படியானால் எதை ஊற்றினார்?

வண்டி நின்ற இடத்துக்கு ஓடினேன். சிமெண்டில் கைப்பிடிக்கு நேர் கீழே நாலைந்து சொட்டுகள். தொட்டேன். வழவழவென்று பிசுபிசுப்பு. இஞ்சின் ஆயில். மூலையில் பெரிய கேன் மூடி சரியாகப் போடாமல் நின்றது.

நம் ஊரில் எல்லாமே ஆயில்தானே. இஞ்சினுக்கு ஊற்றுவதும் ஆயில், பிரேக்குக்கு ஊற்றுவதும் ஆயில். ஆனால் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பருக்கு இஞ்சின் ஆயில் விஷம். ஒரு ராத்திரி ஊறினால் ரப்பர் உப்பிப்போகும். உப்பினால் பிரேக் பிடித்த பிடியில் நிற்கும், இல்லையென்றால் பிடிக்காமலே போகும். இரண்டில் எது, எந்த வளைவில் என்று யாருக்குத் தெரியும்?

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தொப்தொப் சத்தம் பாறைக்குப் பின்னால் மறைந்தது. திரும்ப வரவேண்டிய நேரம் ஆயிற்று. வரவில்லை.

மிளகு மூட்டை ஏற்றும் மொபெட்டில் டூல்ஸ் பையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேலியோரம் இருந்த அண்ணன் ஏதோ கேட்டார். நிறுத்தாமல் ரோட்டைக் கைகாட்டிவிட்டுப் போனேன்.

எத்தனையோ தடவை இறங்கிய ரோடு அது. அன்றைக்குத்தான் ஒவ்வொரு வளைவின் தடுப்புச் சுவரையும் பார்த்தேன். எங்கே சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, எங்கே கல் பெயர்ந்திருக்கிறது, அது பழைய பெயர்ச்சியா புதிதா. ஒரு இடத்தில் சுவரே உடைந்து கிடந்தது. மொபெட்டை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். கீழே செடி கொடி நசுங்காமல் நின்றது. உடைந்த கல்லில் பாசி பிடித்திருந்தது. பாசியைப் பார்த்து அப்படி ஒரு நன்றி எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கீழேயிருந்து மரவள்ளி ஏற்றக் காலி லாரி ஒன்று வந்தது. கையை நீட்டி நிறுத்தினேன்.

"அண்ணா, கறுப்பா பெரிய மோட்டார் சைக்கிள் எதுக்கால வந்துச்சுங்களா?"

டிரைவர் யோசித்தார். "இல்லீங்களே. அடிவாரம் காரவள்ளியிலருந்து வாரேன், அப்படி ஒண்ணும் காணலீங்க. ஏனுங்க, அழுவறீங்களா?"

மொபெட்டை முறுக்கினேன். எதிரில் வந்த ஆள் பார்க்கவில்லையென்றால் வண்டி ரோட்டில் இல்லை. ரோட்டில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும்? அதற்கு மேல் யோசிக்காமல் இருக்க, இறங்குகிற வளைவின் எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன்.

ஒரு வளைவில், ஊற்றுத் தண்ணீர் கசியும் பாறைக்குப் பின்னால், ரோட்டை விட்டு ஒதுங்கிய மண்திட்டில் ஹெல்மெட் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் குந்தியிருந்தார். முன்சக்கர டிஸ்க்கிலிருந்து புகை. பாட்டிலில் தண்ணீர் பிடித்து அதன் மேல் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். "சூட்டுல தண்ணி பட்டா வளைஞ்சு போகும். இன்னும் எதையாச்சும் ஊத்தோணுமா உங்களுக்கு?"

அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தானா புடிச்சுக்கிச்சு அம்மிணி. புடிச்சா உடமாட்டேங்குது, உன்னையாட்டவே."

சிரிக்க வந்தது, அழுகையாகப் போனது. இறங்கும்போதே முன்சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியிருக்கிறது. வளைவில் திரும்பும்போது வழுக்கி, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. அங்கிருந்து ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். டயர் தேய்த்த கறுப்புக் கோடு சுவரைப் பார்த்து நேராகப் போயிருந்தது. அவர் அந்தக் கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

பிரேக்கின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகு, அந்த நிப்பிளைத் திறந்தால் உள்ளே இறுகி நிற்கும் ஆயில் வெளியே வரும், சக்கரம் விடும். தெரிந்த வேலைதான். ஸ்பேனரை வைத்தேன். அது நிப்பிள் மேல் டகடகவென்று தந்தியடித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் ஆடியது. இரண்டு ஆட்டமும் சேர்ந்து எப்படியோ திருப்பினோம். கறுப்பாகப் பீய்ச்சியடித்தது, சக்கரம் சுற்றியது.

"பின்னாடி பிரேக்கு நல்லாத்தான் இருக்குது. அப்படியே மெதுவா கீழ எறங்கிரட்டுமா?" என்றார்.

"எறங்குனீங்கன்னா நான் இந்தச் சுவத்து மேலயே உக்காந்துக்கறேன்."

மேலே ஏறுவதற்குப் பிரேக் அவ்வளவாக வேண்டியதில்லை. இரண்டு பேரும் மூச்சுப் பிடித்து எருமையை மேல்பக்கம் திருப்பினோம். அவர் முதல் கியரிலேயே ஏற, நான் பின்னால் மொபெட்டில் போனேன். வளைவுக்கு வளைவு எருமையின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிவதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பிறகு பிரேக்கை முழுசாகப் பிரித்தேன். ரப்பரெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. எல்லாம் புதிதாக வாங்கி மாட்டினேன். வேலியோர அண்ணன் ஒரு ரப்பரை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "எருமைக்கு வயித்து உப்புசமுங்க" என்றார். வீட்டில் பிரேக் ஆயில் என்ற பேரையே விட்டுவிட்டேன். முதலில் பிரேக் தண்ணி என்று சொல்லலாமென்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கடைசியில் மருந்து என்று பேர் வைத்தேன். மருந்தென்றால் யாரும் கேட்காமல் ஊற்றமாட்டார்கள். இப்போது அவரே வந்து, "அம்மிணி, எருமைக்கு மருந்து வேணுமான்னு பாரு" என்கிறார்.

அவர் இன்னும் அதில்தான் இறங்குகிறார். நான் சமையலறையில் நின்று கேட்பேன். சத்தம் பாறைக்குப் பின்னால் போகும், திரும்ப வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடுப்பில் கடுகு கருகிவிடும். எங்கள் வீட்டுக் குழம்பு கசக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் காரணம் சொல்வதில்லை.