சிப்பில் வைத்த புள்ளி

என் பழைய கீபோர்டில் பாதி ஸ்வரங்கள் கரகரத்தன. அஸ்தினாபுரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார் என்றார்கள். "நல்ல சிப்பை உருவிட்டு டூப்ளிகேட் சொருகிடுவாங்க, ஜாக்கிரதை" என்று ஆபீஸ் நண்பர் வேறு பயத்தைக் கிளப்பிவிட்டார். அதனால் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே மூடியைக் கழற்றி, சவுண்ட் சிப்பின் மேல் மனைவியின் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன்.

கடையில் அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "சிப்பு சாக்கெட்ல லூசா கீது சார். அதோட கம்பிக் காலெல்லாம் கறுத்துப்போச்சு" என்று அதை நெம்பி எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோனார். உள்ளே எதற்கு? எனக்குக் குறுகுறுத்தது. பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"காட்டுங்க" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

உள்ளங்கையை விரித்தார். புள்ளி அப்படியே இருந்தது.

"ஸ்பிரிட் பட்டா அழிஞ்சிடும்னு காலை மட்டும் பட்ஸால துடைச்சேன் சார். ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாக்கெட்டில் அழுத்தினார். எல்லா ஸ்வரங்களும் சுத்தமாகப் பேசின.

அது எதற்கு வைத்த பொட்டு என்று அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.